பெட்டியில் எழுதிய கண்கள்

தங்கச்சிக்கு,

நீ சுகமாய்த்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

பேத்தி அபிரா என்னை மியூசியத்தில் எகிப்துக்காரரின் சவப்பெட்டிகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். ஒரு மரப்பெட்டியின் பக்கத்தில் பெரிதாய் இரண்டு கண்களை வரைந்து வைத்திருந்தார்கள். "செத்தவர் உள்ளுக்கிருந்து வெளியால பாக்கிறதுக்காம், அம்மம்மா" என்றாள்.

உன் அத்தானின் பெட்டியில் கண் இல்லை. வாய்க்கரிசி போட யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது என்ற துணிவில்தானே பியர்பொன்ட்ஸில் உன் வீட்டிலேயே இருந்துவிட்டாய்? "பனி கொட்டுது அக்கா" என்றாய். அடுத்த நாள் அதே பனியில் சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பிறந்தநாள் கேக் ஊட்டினாய். போட்டோவை நான் பார்த்தேன்.

இப்போது திவசத்துக்கு வரட்டோ என்று உன் மகளை விட்டுக் கேட்கிறாய். வா. நான் சமைக்கிற குசினிக்குள் வராதே, படையலில் கை வைக்காதே. எல்லோரும் சாப்பிட்டு எழும்பின பிறகு உனக்கும் ஒரு இலை போடுவேன்.

அக்கா