அத்தான் மாட்டிய குழாய்

மார்ச் 3, திங்கள்

பிரேக் பிரிவு யார் பொறுப்பில் என்று சனிக்கிழமை சொல்வாராம் முதலாளி. இந்தப் பட்டறையில் டிப்ளமோ முடித்தவன் நான் ஒருவன்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் அத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்கா புருஷனாயிற்றே என்று நானே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட ஆள். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

மார்ச் 4

மருந்துக்கடைக்காரம்மாவின் கார் வந்தது. பிரேக் பெடல் கல்லாக இறுகிக் கிடந்தது. விளக்கினேன்: பூஸ்டர் என்ற டப்பாவுக்குள் ஒரு ரப்பர் திரை. அதன் இருபக்கக் காற்றையும் எஞ்சின் உறிஞ்சிவிடும். பெடலை மிதித்ததும் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளும். அந்தத் தள்ளல் நம் மிதியோடு சேரும்.

அந்தம்மா கொட்டாவி விட்டார். அத்தான் குறுக்கே வந்து, "காலுக்கு எஞ்சின் கை கொடுக்குதும்மா, அவ்வளவுதான்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க!" — ஒரே சிரிப்பு.

கை கொடுக்கிறதாம்!

மார்ச் 5

பூஸ்டரையே மாற்ற வேண்டும் என்றேன். அத்தான் பானட்டுக்குள் தலையை விட்டார். "மாப்ளே, உஸ்ஸுன்னு சத்தம் வருது பாரு."

எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாயில் நக நீளத்துக்கு வெடிப்பு. எனக்கு ஏன் கேட்கவில்லை? முதலாளி அவர் முதுகைத் தட்டினார்.

மார்ச் 6

அத்தான் புதுக் குழாய் மாட்டி முடித்தார். தப்பு ஏதாவது கிடைக்காதா என்றுதான் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தேன். எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மிதித்தேன். எஞ்சின் நின்றாலும் முதல் இரண்டு மிதியாவது மெத்தென்று இறங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கல். கிடைத்துவிட்டது! காற்று திரும்பப் புகாமல் தடுக்கும் வால்வு பிடிக்கவில்லை. பழையதையே மாட்டியிருக்கிறார். எஞ்சின் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால்தான் தெரியும்: பெடல் உடனே கல்லாகிவிடும்.

சொல்லவில்லை. அந்தம்மாவே திரும்பி வந்து முதலாளி முன்னால் கத்தட்டும்.

காரை எடுக்கும்போது அந்தம்மா சொன்னார்: "இனி எங்க தெரு இறக்கத்துல பயமில்ல."

அதே நாள், மாலை ஏழு

இறக்கம். நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்? போனை எடுக்க மாட்டேங்குறாங்க. வேற வால்வு எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.

மார்ச் 7

நேற்றிரவு போனபோது கார் பத்திரமாக அந்தம்மா வீட்டு வாசலில் நின்றது. வால்வை மாட்டிவிட்டு வந்தேன். காலையில் அந்தம்மா முதலாளிக்குப் போன் செய்து என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார்.

அத்தான் மட்டும் மெல்லக் கேட்டார்: "நேத்து சாயங்காலமே அதுல ஏறி உக்காந்தியே மாப்ளே?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "அப்பவே தெரியும்" என்றேன். முதலாளியும் அங்கேதான் நின்றார்.

மார்ச் 8

பொறுப்பு அத்தானுக்கு.

மார்ச் 17

அத்தான் போட்ட முதல் உத்தரவு: எந்தக் காரும் வெளியே போகுமுன் நான் உட்கார்ந்து மிதித்துப் பார்க்க வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன்.

"என் வேலையில தப்புக் கண்டுபிடிக்க உன்னைவிட ஆசைப்படறவன் இங்க யாரு மாப்ளே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று ஆறு கார். மூன்று அவர் கை பட்டவை. ஒன்றிலும் தப்பில்லை. கடைசிக் காரில் மட்டும் இன்னொரு ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி மிதித்தேன்.