சுக்கான் பக்கத்து சுவிட்ச்

மேலகரம்,
ஆவணி 4.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சங்கரேஸ்வரி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக உங்கள் அக்கா சொன்னார்கள். கட்டினவரைப் பற்றி அவருடைய அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது இப்போதெல்லாம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், கொச்சியில் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடும். அதனால்தான் இதை இந்தப் பெட்டிக்குள், நங்கூரம் தூக்கும் விஞ்சுக்கு மேலேயே வைத்து லாரியில் அனுப்புகிறேன். படகுச் சாமான் வந்த பெட்டியைத் திறக்காமல் உங்களால் ஒரு நிமிஷம் இருக்க முடியாது.

ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளாகச் சாரல் விடவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் அதிகமாகி இரண்டு நாள் யாரையும் குளிக்க விடவில்லை. கார் நெல் கதிர் வாங்கிவிட்டது. வயல் மோட்டார் மறுபடியும் கருகிப்போய், முத்துகுமரன் அண்ணாச்சிதான் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது. போட்டோ எடுக்க வருகிறவர்களின் கார்களுக்கு நடுவே புகுந்து உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் ஏன் அங்கே போனேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

தை மாதம் கொச்சியில் நம் படகில் அந்தப் பழைய விஞ்சின் பல் தேய்ந்து, நங்கூரச் சங்கிலி பிய்த்துக்கொண்டு ஓடி, என் மோதிர விரலின் நுனி போயிற்றே, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அடுத்த விஞ்சை நீயே பார்த்து எடு. முன்னால நின்னு சங்கிலியத் தூக்கப் போறவ நீதான" என்றீர்கள். விரல் போன வலியை அந்த ஒரு வார்த்தையில் மறந்தவள் நான்.

ஆறு மாதம் அதே வேலையாக அலைந்தேன். சங்கிலியில் இரண்டு அடி வெட்டிப் பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். செங்கோட்டையில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்து இது என்ன என்று கேட்டார். நங்கூரச் சங்கிலி என்றேன். தென்காசிக்காரிக்கு நங்கூரம் எதற்கு என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கண்ணியாக அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கண்ணி ஒரே அளவில் இல்லாவிட்டால் விஞ்சின் சக்கரத்தில் சங்கிலி உட்காராது, ஏறி வழுக்கிவிடும் என்று கொச்சிக் கடைக்காரர் பென்னி சொன்னார். பல் மட்டுமல்ல, மலிவு என்று நீங்கள் வாங்கிய அந்தச் சங்கிலியும் சேர்ந்துதான் என் விரலைக் கொண்டுபோயிருக்கிறது. அதை நான் உங்களிடம் சொல்லிக்காட்டவில்லை. புதுச் சங்கிலிக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மோட்டார் வைத்தது வேண்டாம், கையால் சுற்றுவதே போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். வயல்காரிக்கு மோட்டாரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அது கருகும். நீங்களும் சரி என்றீர்கள். தலையை ஆட்டிக்கொண்டே சரி என்றீர்கள்.

போன புதன்கிழமை பெட்டி வந்தது. திறந்தால் மோட்டார் விஞ்ச். கடைக்காரர் மாற்றி அனுப்பிவிட்டார் என்று பென்னிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். பாவம், அவர் பதறிப்போனார். "சேச்சி, சார்தானே மாற்றச் சொன்னது? சுக்கான் பக்கத்தில ஒரு சுவிட்ச் வேணும், தனியா ஓட்டறதுக்கு அதுதான் சௌகரியம்னு சொன்னாரே" என்றார். எனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டார். மெஷினை மாற்றத் தெரிந்த உங்களுக்கு, ஆர்டரில் நான் கொடுத்திருந்த மேலகரம் விலாசத்தை மாற்றத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே உங்கள் அக்கா குருவம்மாள் மதினி வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மதினி ஆரம்பித்துவிட்டார்கள். "ஏட்டி, வெரலு போனதுலருந்து கடலுன்னாலே நடுங்குதியாமே. நான் வரவே மாட்டேன்னு அழுதியாம்லா. சுடலைராஜு சொல்லுதான். அதான் தை பொறந்ததும் அவன் மட்டும் படகுல கன்னியாகுமரியச் சுத்தித் தூத்துக்குடிக்குப் போறானாம்" என்றார்கள்.

நான் அழுதேனாம். நான் வரமாட்டேன் என்றேனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருத்தியை முழுசாக மறைக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். கன்னியாகுமரியைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். மதினி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தேன். மதினியிடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தம்பி பொய் சொன்னான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் அதனால்தான்.

அத்தான், ஆஸ்பத்திரியில் அழுதது நான் இல்லை. நீங்கள். நர்ஸ் வந்து உங்களைத்தான் நாற்காலியில் உட்காரவைத்தாள். அதற்காக நான் உங்களைக் குறைவாக நினைத்தேனா? எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து பயந்திருப்பேன். உங்கள் பயத்தைக் கொண்டுபோய் என் பெயரில் எழுதிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணமான வருஷம் ஐந்தருவிக்குப் போனோமே. ஆண்கள் பக்கம் நீங்கள், பெண்கள் பக்கம் நான். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று, கையை விரித்துக் காட்டினால் வா, மூடிக் காட்டினால் நில் என்று நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். பிறகு படகிலும் அதுவே ஆயிற்று. என்ஜின் சத்தத்தில் முன்னால் நான் சங்கிலியோடு நின்று கை காட்டுவேன். சுக்கானிலிருந்து நீங்கள் என் கையையே பார்ப்பீர்கள். நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கடல் பிடித்தது எதனால் என்று நினைத்தீர்கள்? வீட்டில் நீங்கள் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

இனி அந்த சுவிட்ச் இருந்தால் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. அதை எடுத்து பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, பெட்டியில் இல்லவே இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். செய்யவில்லை. மறைக்கிற வேலை உங்களோடு போகட்டும். சுவிட்ச் பெட்டியின் அடியில் பேப்பரில் சுற்றி இருக்கிறது, வயரும் இருக்கிறது. கரண்ட் போனால் கையால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடியும் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுற்றப் படகின் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு பாலருவி ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் படகுத்துறைக்கு வந்து நிற்பேன். சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம், கரைக்குக் கூட நீங்கள் வர வேண்டாம். படகில் இருந்தபடியே கையைக் காட்டுங்கள். மூடிய கை என்றால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன், மதினியிடம் நீங்கள் சொன்னதே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

யாரோடு போனாலும், தனியாகவே போனாலும், குற்றாலநாதர் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். ஆனால் அத்தான், சனிக்கிழமை கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னால் நிற்பவள்,
சங்கரேஸ்வரி