வடக்கு மூலைப் படிகங்கள்

பதிவு: திங்கள், காலை 9.10
துகள் மோதுகூடம், சுரங்கத்தின் அடித்தளம். பேசுவது காவலாள் ஒச்சப்பன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சட்டைப்பையில் இருக்கும் இந்தப் பெட்டி அச்சுத் தமிழில் போட்டுக்கொள்ளும்.

குளிர்நீர்க் குழாயில் கசிவு இல்லை. துகள் பட்டால் மின்னும் வடக்கு மூலைப் படிகங்களின் உறை பழுதுபார்க்கக் கழற்றிக் கிடக்கிறது. மேலே கட்டுப்பாட்டறையிலிருந்து ஒளி பாய்ச்சி, ஒவ்வொரு படிகமும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து அளவு திருத்துகிறார் ரெஜினா அம்மா. ஒலிபெருக்கியில் சொன்னார்:

"ஐயா, அதுல சாஞ்சிராதீங்க. ஒங்க சூடு பட்டா வெளிச்சம் கொறையும். வர்ற துகளுக்குச் சக்தி கம்மினு பொய் சொல்லும்."

"வீட்ல நான் சாஞ்சாலும் விழுந்தாலும் கேக்க ஆளில்ல. இதாவது கண்டுக்குதே," என்றேன். சிரித்தார்.

பதிவு: திங்கள், பகல் 12.40
நிலம் ஆடியது. சுரங்கவழி இடிந்துவிட்டது. வலது கால் கல்லுக்கடியில். ஒலிவாங்கி நசுங்கிப்போனது, நான் கத்தினால் மேலே கேட்காது. அவர்கள் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கிறது. பாதுகாப்பு அதிகாரி அருமைநாயகம் சொல்கிறார்:

"உள்ள உசுரு இருக்குனு ஒரு அடையாளம் காட்டும்மா, தோண்டுறேன். இல்லாட்டி இன்னும் நாலு பேரைப் பறிகொடுக்க என்னால ஆகாது."

பதிவு: செவ்வாய், காலை 7.30
படிகங்கள் எட்டும் தூரம்தான். மார்பை ஒட்டி வைத்தேன். விலகினேன். மறுபடி ஒட்டினேன்.

"ரெஜினா, திரையில வடக்கு மூலைக் கோடு எறங்கி எறங்கி ஏறுதே?"

மேலே அருமைநாயகத்தின் குரல் அது.

"குளுர்தண்ணி நின்னுபோச்சுல்ல சார், அதான் தள்ளாடுது. ஒரு நெலைக்கு வரட்டும். திருத்திர்றேன்."

நான் கோளாறு இல்லை அம்மா.

பதிவு: புதன், காலை 10.05
படிகங்களில் சாய்ந்தவன் சாய்ந்தபடியே கிடக்கிறேன். தண்ணீர் இல்லை. நிமிர முடியவில்லை.

"தள்ளாட்டம் நின்னுருச்சு சார். இப்ப காட்டுறதையே சரியான அளவா வச்சுத் திருத்திட்டேன். கோடு நேரா இருக்கு."

"அப்ப சுரங்க வாயை மூடச் சொல்லவா?"

விசைகளை மறுபடி தட்டிப் பார்க்கும் ஓசை. பிறகு, "சரி சார்."

பதிவு: புதன், மாலை
அம்மா, என் சூட்டையும் சேர்த்துத்தான் சரி என்று வைத்திருக்கிறீர்கள். நான் விலகினால் கோடு ஏறும். விலகத்தான் உடம்பு வரவில்லை.

விரல் சில்லிட்டுவிட்டது. மார்பும் ஆறியபின் கோடு தானாக ஏறும். அப்போது திரைக்கு முன்னால் ஆள் யாராவது