அயல் வீட்டு நோய்

நெடுந்தீவு
04.09.2024

அன்பு மகள் ஜெயந்தாவுக்கு,

மாதா உன்னையும் மருமகன் ஜோர்ஜையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். நான் சுகம். கிணறு வற்றவில்லை, ஆடுகள் பால் தருகின்றன. தனிக்கட்டைக்கு இதைவிட வேறென்ன சுகம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. எனக்கு எழுத்தும் தெரியாது, இப்போது காதும் போச்சு. உன் மச்சாள் அன்ரனிட்டா வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தித்தான் வாசிப்பாள். அதனால் உன் கடிதம் எனக்கு மட்டும் வாறதில்லை, ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் வருகிறது. நீ பிரான்சை விட்டு லண்டனில் ஜோர்ஜிடம் போய்ச் சேர்ந்ததும், இந்த வயதில் இங்கிலீசு வகுப்புக்குப் போறதும் இறங்குதுறை வரைக்கும் தெரியும். அங்கே வலை பொத்துகிற எமிலியானுஸ் என்னை மறித்து, "என்ன சில்வெஸ்ரர் அண்ணை, மகள் திரும்பவும் பாலர் வகுப்போ?" என்று கத்திக் கேட்டான். "ஓம், உன்ர மகன் அந்த வகுப்பையே இன்னும் தாண்டேல்லை எண்டு கேள்வி" என்றேன். உடனே அவன் வலையைப் பொத்தக் குனிந்துவிட்டான்.

போனில் பேசு என்று சொல்லாதே. அந்தக் கண்ணாடிக்குள் உன் வாய் மட்டும் அசையுது, தண்ணிக்குள் நிற்கிற மீன் மாதிரி. பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம்தான் நல்லது. ஆனால் நீ எழுதுவது குறைவு.

வகுப்பில் நோய்களின் பேரும் மருந்துகளின் பேரும் படிப்பிக்கினம் என்று எழுதியிருந்தாய். அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. ஒருக்கால் காதில் விழுந்தால் எனக்கு மறவாது. உனக்குத் தெரியும்.

அன்ரனிட்டாவின் கையால்,
உன் அப்பா சில்வெஸ்ரர்


லண்டன்
23.09.2024

என் அன்பான அப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. எமிலியானுஸ் அண்ணையிடம் நான் இன்னும் பாலர் வகுப்புத்தான் என்று சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பு பிரான்சில் இருந்து வந்தவர்களுக்கு. கொங்கோக்காரர், அல்ஜீரியாக்காரர் இருக்கிறார்கள். தமிழ் நான் ஒருத்திதான். ரீச்சர் தருகிற தாளில் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் இங்கிலீசு. நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். காய்ச்சலுக்குப் பிரெஞ்சில் ஃபியேவ்ர், இங்கிலீசில் ஃபீவர். தலையிடிக்கு மால் து தெத், இங்கே ஹெட் ஏக். இருமல் அங்கே தூ, இங்கே கோஃப். குளிசை அங்கே கொம்ப்ரிமே, இங்கே ரப்லெட். பாணி மருந்து சிறோ, சிரப். கோடாலித் தைலத்துக்கு இரண்டிலும் பேர் இல்லை அப்பா. நான் ரீச்சருக்குப் போத்தலைக் காட்டினேன், அவ மணந்துபார்த்துத் தும்மினா.

ஜோர்ஜுக்கு இங்கிலீசு நல்லாய் வரும். ஆனால் அவர் இரவு வேலை, பகலில் நித்திரை. டொக்டரிடம் நான் தனியத்தான் போகவேண்டும். இத்தனை வருசம் பிரெஞ்சில் சண்டையே பிடித்தவள், இங்கே ஊமை மாதிரி நிற்கிறேன்.

ஒரு பகிடி கேளுங்கள். வகுப்பில் ஒருத்தர் டொக்டராக, ஒருத்தர் நோயாளியாக நடிக்க வேண்டும். நான் எப்போதும் டொக்டராகத்தான் இருப்பேன். ஒருநாள் ரீச்சர் விடவில்லை, நோயாளியாய் இருத்திவிட்டா. வாய் திறந்தால் "என் அயல் வீட்டுக்காரிக்கு இருமல்" என்றுதான் வருகிறது. அடுத்த நாளும் அதே. "உங்கள் அயல் வீட்டுக்காரி பாவம், உலகத்து நோயெல்லாம் அவவுக்குத்தான்" என்று ரீச்சர் சிரித்தா. அவவுக்கு எப்படி விளங்கும்? எங்கள் ஒழுங்கையில் யாராவது ‘எனக்குக் காய்ச்சல்’ என்று சொன்னது உண்டா? ‘கடல் கேட்டுக்கொண்டிருக்கும், ஆளைக் கொண்டுபோயிடும், அயலுக்கு எண்டு சொல்லு’ என்றுதானே அம்மா வளர்த்தவ.

இன்னொரு சொல்லும் படித்தேன். உடம்பில் வருகிற கட்டிக்கு இங்கிலீசில் லம்ப். அது தாளில் இல்லை. ரீச்சரிடம் தனியாகக் கேட்டேன். சும்மா தெரிந்து வைக்கத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
ஜெயந்தா


நெடுந்தீவு
15.10.2024

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஃபியேவ்ரும் ஃபீவரும் ஒரே வள்ளத்தில் வந்து இரண்டு கரையில் இறங்கின சனம் போலிருக்கு. ரப்லெட், சிரப் எங்களுக்கும் தெரிந்த சாமான்தான். எல்லாப் பேரையும் அன்ரனிட்டாவுக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். ஒன்றும் பிசகவில்லை.

நீ எழுதின பகிடிக்கு ஒழுங்கையே சிரித்தது. உனக்கு எங்கட ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வல்லிபுரத்தாரை நினைவிருக்கோ? நீ சின்னப் பிள்ளை. நான் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், "ஐயா, அயலில ஒராளுக்கு வயித்தால போகுது" என்றேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றாமலே, "அப்ப அந்த அயலைக் கொஞ்சம் நாக்கை நீட்டச் சொல்லும்" என்றார். நான் நீட்டினேன். மருந்து தந்தார். "அயல் ரெண்டு நாளைக்குக் கணவாய்க் கறி தின்னக்கூடாது எண்டு சொல்லிவிடும்." அவர் எங்களோடு கிடந்து பழகினவர். அயல் என்றால் யார் என்று அவருக்குத் தெரியும்.

சரி. அந்தக் கடைசிச் சொல்லை ஏன் தனியாகக் கேட்டாய்? காய்ச்சலும் இருமலும் தாளில் வந்தவை. அது வரவில்லை, நீ தேடிப் போயிருக்கிறாய். அன்ரனிட்டா அந்த வரியை மெல்லத்தான் வாசித்தாள், நான் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன்.

இதுக்கு உடனே பதில் எழுது. கச்சான் காற்றுப் போய் வாடைக்காற்றுத் தொடங்கினால் படகு நினைத்தபடி ஓடாது.

உன் அப்பா
சில்வெஸ்ரர்


லண்டன்
04.11.2024

அன்பான அப்பா,

நீங்கள் வீணாக யோசிக்கிறீர்கள். ஒரு சொல்லைக் கேட்டால் குற்றமா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஜோர்ஜ் உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறார், நெடுந்தீவு வெயிலுக்கு எதற்கு என்று கேட்டால் கோபப்படுகிறார்.

இன்னொரு பகிடி. போன கிழமை டொக்டரிடம் போனேன். பெண் டொக்டர், சின்ன வயது, நல்ல மாதிரி. படித்ததெல்லாம் சேர்த்து, என் அயல் வீட்டுக்காரிக்கு மார்பில் ஒரு லம்ப் இருக்கு, என்ன செய்யலாம் என்று இங்கிலீசில் முழு வசனமாகக் கேட்டுவிட்டேன். அவ என்னை வடிவாகப் பார்த்துவிட்டு, "அவவைக் கெதியாய் இங்கே வரச் சொல்லுங்கோ" என்றா. நன்றி சொல்லி வந்துவிட்டேன். பாருங்கள், என் இங்கிலீசு விளங்கியிருக்கிறது!

அயல் வீட்டுக்காரி வேலைக்குப் போகிறவ, அவவுக்கு நேரமில்லை. நத்தார்ப் பண்டிகை முடியப் போவா.

உங்கள் முழங்கால் நோ எப்படி? இலை அவித்து வேது பிடித்தீர்களா?

ஜெயந்தா


நெடுந்தீவு
21.11.2024

மகள்,

கடல் மோசம், தபால் போக நாளெடுக்கும். அன்ரனிட்டா இதை எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். கண்டவுடனே வாசி.

உன் அம்மா மாக்கிறேற் எப்படிச் செத்தவ என்று உனக்கு முழுக்கத் தெரியாது. நீ பிரான்சுக்குப் போன அடுத்த வருசம். வருத்தம் முற்றினபிறகுதான் கண்டுபிடித்தது என்று எழுதுவித்தேன். அது உண்மை. ஆனால் அவ அதுக்கு முதல் ஒருக்கால் போனவ. அப்போது வல்லிபுரத்தார் இல்லை, ஊருக்குப் புதிதாய் ஒரு டொக்டர் வந்திருந்தார், வெளியூர்ப் பெடியன். கோயில் கொடியேற்றத்துக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு போய், "அயல் வீட்டுப் பொம்பிளைக்கு மாரில கட்டி" என்றா. அந்தப் பிள்ளைக்கு எங்கட வழக்கம் தெரியாது. "அவவைக் கெதியாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா" என்று மரியாதையாய்ச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ நன்றி சொல்லி வந்துவிட்டா. எனக்கும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்த டொக்டர் பெட்டிக்குள் முகத்தைக் கண்டுதான் அழுதுகொண்டு எனக்கு இதைச் சொன்னவர். "நான் அயல் வருவா எண்டுதானே ஐயா பாத்துக்கொண்டிருந்தனான்."

உன் கடிதத்தை அன்ரனிட்டா வாசிக்க, எனக்கு அந்தப் பெடியனின் குரல் கேட்டது. அதே சொல் மகள். அதே ‘கெதியாய்’.

லண்டனில் உன்னை நாக்கை நீட்டச் சொல்ல வல்லிபுரத்தார் இல்லை.

அன்ரனிட்டாவை மெல்ல வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படலையைத் திறந்துவிட்டு ஒழுங்கையில் நின்றுதான் இதைச் சொல்லுகிறேன். என்ர மகள் ஜெயந்தாவுக்கு மாரில் கட்டி. என்ர மகளுக்கு. எமிலியானுஸ் வலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். கேட்கட்டும். கடலும் கேட்கட்டும். பேரைச் சொல்லாமல் விட்டதால் கடல் எங்களை எப்ப விட்டது?

ஜோர்ஜை எழுப்பு. நித்திரை பிறகு கொள்ளலாம். அந்த டொக்டரிடம் போய், உனக்கு என்று சொல்லு.

அப்பா

ஜெயந்தா, இது மாமா சொன்னதில்லை, நான் எழுதுறன். மனுசன் சரியாச் சாப்பிடுறேல்லை. ஒழுங்கையில நிண்டு கத்தி முடியப் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நீ போடி. — அன்ரனிட்டா


லண்டன்
29.11.2024

அப்பா,

இதையும் படமாகத்தான் அனுப்புகிறேன்.

கோடை முடியத்தான் கண்டேன். குளிக்கும்போது. உங்களுக்கு எழுதினால் அன்ரனிட்டா கத்தி வாசிக்க வேண்டும், ஒழுங்கை கேட்கும் என்று இருந்தேன். ஜோர்ஜுக்கும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தார்.

அதே டொக்டர். ஜோர்ஜ் சொல்லுகிறேன் என்றார், நான் விடவில்லை. அந்த வசனம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஐ ஹாவ் எ லம்ப். டொக்டர் என் கையைப் பிடித்து, "உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றா.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். என்னவென்று நத்தாருக்கு முதல் சொல்லுவார்கள். நல்லதாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். மற்றதென்றாலும் வைத்தியம் செய்கிற நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள்.

நீங்கள் சாப்பிடுங்கள் அப்பா. பயப்பட வேண்டாம்.

ஜெயந்தா


நெடுந்தீவு
10.12.2024

என் மகளுக்கு,

அன்ரனிட்டா வாசித்தாள். பாதியில் போனை எமிலியானுஸிடம் நீட்டிவிட்டாள், மிச்சத்தை அவன் கத்தினான். நீ சொன்ன வசனத்தை அன்றைக்கே பாடமாக்கிவிட்டேன். ஆடு கட்டும்போதும் வாயில் வருகிறது.

படகு ஓடவில்லை. என்றாலும் விடிய இறங்குதுறைக்குப் போய் நிற்கிறேன். முடிவு போனில்தான் வரும், கடலில் வராது என்று அன்ரனிட்டா ஏசுகிறாள். தெரியும். கால் அங்கேதான் போகிறது.

நேற்று எமிலியானுஸ் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று காதுக்குள் கேட்டான். "அயலில ஒராளுக்கு" என்று என் வாய் தொடங்கிவிட்டது. பிறகு நிறுத்தினேன். உனக்கு ஒழுங்கையில் நின்று கத்தினவன், எனக்கு என்று வந்தவுடன் பார்த்தாயா.

உன் தாளில் தேடிப் பார். சோறு தொண்டைக்குக் கீழே இறங்குதில்லை. அன்ரனிட்டாவின் போன் அடித்தால் காது கேளாதவனுக்கு அது மட்டும் கேட்குது. அதுக்கு அங்கே என்ன பேர், என்ன மருந்து என்று எழுது. பிரெஞ்சில் வேண்டாம், இங்கிலீசில் எழுது. நான் பாடமாக்கி இங்கே டொக்டரிடம் போய்ச் சொல்லுகிறேன்.

தமிழில் இப்போதே சொல்லிவிடுகிறேன். பயம் மகள். அயலுக்கு இல்லை. எனக்கு.

உன் அப்பா
சில்வெஸ்ரர்