கூரைக்கு வேண்டிய புகை

அன்புத் தங்கச்சி,

எத்தனை வருடமாக விறகடுப்பு என்று டாக்டர் கேட்டதற்கு, "புகை பழகிடுச்சு டாக்டர், இருமல்தான் இன்னும் பழகல" என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

உன் கூரை வீட்டைப் பாதுகாக்கப்பட்ட பழைய வீடாக அறிவித்த எங்கள் அலுவலக ஆணையில், கூரையைப் பூச்சி அரிக்காமலிருக்க விறகடுப்பையே தொடர வேண்டும் என்று ஒரு வரி உண்டு. கேஸ் அடுப்புக்கு நீ போட்ட மனுவை அதைக் காட்டித்தான் தள்ளினார்கள். "எந்த மகராசன் எழுதினானோ, அவன் வந்து ஒருநாள் சமைக்கட்டும்க்கா" என்றாய். நான் தலையாட்டினேன்.

எழுதியது நான்தான். படமெடுக்க உன் சமையலறைக்குள் வந்து, கண் எரிகிறதென்று ஐந்தே நிமிடத்தில் வாசலுக்கு ஓடியவள்.

அந்த வரியை நீக்கச் சொல்லி இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை லீவு போட்டு வருகிறேன். நீ வெளியே உட்கார். நான் சமைக்கிறேன்.

உன் அக்கா