வெங்காயம் மணந்த பீர்

ஹெப்டன் பிரிட்ஜ்,
17 செப்டம்பர் 1973

மதிப்பிற்குரிய திருமதி தாக்ரே அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை நடந்த வீட்டு பீர் போட்டியில் நீங்கள் நடுவர். நான் பஸ் ஓட்டுகிறவன். பீர் காய்ச்ச ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. என் புட்டியோடு உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு திரும்பி வந்தது. “நிறம் நன்று. நுரை இல்லை. ஊறுகாய் வெங்காய வாசனை. இருபதுக்கு நான்கு.”

அம்மா, நான் போட்டது முளைகட்டிய பார்லி மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூ, சர்க்கரை, ஈஸ்ட், எங்கள் குழாய்த் தண்ணீர். வெங்காயத்தை நான் கிட்டவே சேர்க்கவில்லை. வேறு யாருடைய புட்டியையோ குடித்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் நானும் என் அக்கா வின்னியும்தான். அவள் அந்தச் சீட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, பால்காரர் வரைக்கும் படித்துக் காட்டிவிட்டாள். திருத்திய மதிப்பெண்ணை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
எஸ். ஹோல்ராய்ட்


ஸ்கிப்டன்,
21 செப்டம்பர் 1973

திரு. ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். புட்டி மாறவில்லை. ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருக்கிறது. உங்களுடையது எது என்று செயலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகள். எந்தப் பாத்திரத்தில் புளிக்க வைத்தீர்கள், உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அது எங்கே இருந்தது? புட்டிகளைச் சோப்புப் போட்டா கழுவினீர்கள்? சோப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது.

தங்கள்,
ஈ. தாக்ரே


ஹெப்டன் பிரிட்ஜ்,
25 செப்டம்பர் 1973

மதிப்பிற்குரிய திருமதி தாக்ரே அவர்களுக்கு,

வாளி எங்கள் தெருமுனை மீன் வறுவல் கடையிலிருந்து வந்தது. நல்ல வாளி, கடைக்காரர் மூடியோடு சும்மா கொடுத்தார். நேற்றுப் போய் விசாரித்தேன். “ஆறு வருசமா ஊறுகா வெங்காயந்தாண்ணே அதுல இருந்துச்சு. கழுவித்தானே குடுத்தேன்?” என்றார். வின்னி சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. சோப்பும் போட்டேன், தாராளமாகவே.

உங்கள் நாக்கைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று. அடுத்த செப்டம்பரில் முதல் பரிசு அட்டையை உங்கள் கையெழுத்தில் வாங்காமல் விடப்போவதில்லை. வேறு யார் எழுதிக் கொடுத்தாலும் எனக்கு அது கணக்கில்லை. நவம்பரில் ஒரு புட்டி கொண்டுவந்து காட்டலாமா?

இப்படிக்கு,
ஸ்டான்லி ஹோல்ராய்ட்


ஸ்கிப்டன்,
2 அக்டோபர் 1973

திரு. ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

கொண்டுவரக் கூடாது. போட்டியில் கலந்துகொள்கிறவரின் பீரை நடுவர் தனியாகக் குடிக்கவும் கூடாது, ஆளோடு பழகவும் கூடாது. தபாலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாளியில் இனிமேல் நிலக்கரி போட்டு வையுங்கள். புது வாளி வாங்குங்கள். வாரம் ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்குப் பகலெல்லாம் மருந்துக் கடையில் வேலை. சாயங்காலத்தில் அதிக வேலையில்லை. என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் காய்ச்சுவோம்.

தங்கள்,
ஈனிட் தாக்ரே


ஹெப்டன் பிரிட்ஜ்,
20 ஜனவரி 1974

அன்புள்ள திருமதி தாக்ரே அவர்களுக்கு,

இந்த மின்வெட்டு வந்ததிலிருந்து வீடு பனிக்கட்டியாகக் கிடக்கிறது. ஈஸ்ட்டுக்குக் குளிருமே என்று என் மேல்கோட்டை வாளிக்குப் போர்த்திவிட்டு, நான் ஸ்வெட்டரோடு வண்டி ஓட்டினேன். “கோட்டு எங்கய்யா?” என்று கேட்ட ஒரு பயணிப் பெண்மணியிடம், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். மறுநாள் பாவம், அவர் ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

பத்தாம் நாள் குமிழி நின்றது. முடிந்துவிட்டது என்று சர்க்கரை போட்டு, புட்டியில் அடைத்து, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துணிமணிகளுக்கு நடுவே அடுக்கினேன். அன்றே கரண்ட் வந்தது, அலமாரியும் சூடாயிற்று. செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில் முதல் புட்டி வெடித்தது. அடுத்தடுத்து மொத்தம் ஏழு. நானும் வின்னியும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து எண்ணினோம். அலமாரியைத் திறந்து பார்த்தவள், “டேய், போட்டிக்கு என் பெட்சீட்டப் பிழிஞ்சு அனுப்புடா. உன் பீரு மொத்தமும் அதுலதான் இருக்கு” என்றாள்.

எங்கே தப்புப் பண்ணினேன்?

அன்புடன்,
ஸ்டான்லி ஹோல்ராய்ட்


ஸ்கிப்டன்,
25 ஜனவரி 1974

திரு. ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தது என் தப்பு. இருமல் மருந்து கேட்டு வந்த பாதிரியார், சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

குமிழி நின்றது குளிரினால். ஈஸ்ட் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் முடிந்துவிட்டதென்று அடைத்தீர்கள். சூடு வந்ததும் விழித்து, மிச்சச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று வாங்கி பீரில் விடுங்கள். மூன்று நாள் ஒரே கோட்டில் நின்றால்தான் அடைக்கலாம்.

உங்கள் அக்காவுக்கு என் அனுதாபம். நேற்றுப் பரணிலிருந்து எங்கள் பழைய காய்ச்சும் பானையை இறக்கினேன். ஆறு வருடத் தூசி. ஏன் இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் தேய்த்துக் கழுவியதும் சந்தோஷமாக இருந்தது.

தங்கள்,
ஈனிட் தாக்ரே


ஹெப்டன் பிரிட்ஜ்,
9 ஜூன் 1974

அன்புள்ள திருமதி தாக்ரே அவர்களுக்கு,

இதோடு பதினான்காவது முறை காய்ச்சிவிட்டேன். மால்ட்டில் ஒரு பிடியைப் பொன்னிறத்துக்கு வறுத்துப் போட்டேன், ஹாப்ஸைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் தூவினேன், எல்லாம் நீங்கள் எழுதியபடிதான். நுரை கோப்பையின் அடிவரை கூடவே இறங்குகிறது. வின்னி ஒரு கோப்பை குடித்துவிட்டு உடனே இரண்டாவதை ஊற்றிக்கொண்டாள். அவளிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வந்ததில்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வியாழக்கிழமை உங்கள் கடிதம் வராவிட்டால் அன்று எனக்கு வண்டி ஓட்டவே பிடிப்பதில்லை. போட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டால், உங்களைப் பார்க்க வரலாமா?

அன்புடன்,
ஸ்டான்லி


ஸ்கிப்டன்,
14 ஜூன் 1974

திரு. ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

வரக் கூடாது. ஏழு புட்டி வெடித்தும் விடாமல் நின்றவர் இப்போது என்னால் விட்டுவிட்டார் என்ற பேர் எனக்கு வேண்டாம். போட்டிக்கு அனுப்புங்கள். அறிமுகத்துக்காக அரை மதிப்பெண்கூடப் போடமாட்டேன். வெங்காயம் அடித்தால் வெங்காயம் என்றுதான் எழுதுவேன்.

கேட்டதற்காகக் கோபமில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கள்,
ஈனிட் தாக்ரே


ஹெப்டன் பிரிட்ஜ்,
15 செப்டம்பர் 1974

அன்புள்ள திருமதி தாக்ரே அவர்களுக்கு,

நேற்று எனக்கு வண்டி. போட்டிக்கு வின்னிதான் போய்வந்தாள். இருபதுக்குப் பதினேழு, இரண்டாம் பரிசு. தெருவே வந்து கைகுலுக்குகிறது. சீட்டில் இருப்பது ஸ்டாட் என்று யாரோ ஒருவருடைய கையெழுத்து.

நீங்கள் நடுவர் மேசையில் இருந்தீர்களாம், பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனீர்களாம். “அந்தம்மா முகமே செவந்து போச்சுடா” என்கிறாள் வின்னி. ஒரு வருடம் உங்கள் ஒரு வரிக்காகக் காய்ச்சினேன். அவ்வளவு மோசமாகவா இருந்தது? பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

ஸ்டான்லி


ஸ்கிப்டன்,
17 செப்டம்பர் 1974

அன்புள்ள ஸ்டான்லிக்கு,

மேசையில் இருபத்திரண்டு கோப்பைகள், எண் மட்டும்தான். எட்டாவதை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அந்த பீர் உங்கள் கடிதம் மாதிரியே முதலில் கொஞ்சம் அதிகமாகப் பேசியது, பிறகு அடங்கி, உள்ளதை உள்ளபடி சொன்னது. உங்கள் பீரை இதற்கு முன் நான் குடித்தது போன வருடம் மட்டும்தான். அதில் நீங்கள் இல்லை, வெங்காயம்தான் இருந்தது. இதில் நீங்கள் இருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் நடுவர் மேசையில் நான் சிரித்ததில்லை.

அதற்கு மேல் அங்கே உட்கார எனக்கு உரிமையில்லை. மிஸ்டர் ஸ்டாட்டைக் கூப்பிட்டு, “இத நீங்க பாருங்க, என்னால முடியாது” என்றேன். அவர் நேர்மையான மனிதர். ஹாப்ஸ் ஒரு இழை கூடுதல் என்று இரண்டாம் பரிசு கொடுத்தார். அவர் சொன்னது சரி. நானாக இருந்தால் அந்த இழையை விட்டுவிட்டு முதல் பரிசு கொடுத்திருப்பேன். அதனால்தான் எழுந்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து என்னைப் பழ ஒயின் மேசைக்கு மாற்றச் சொல்லிச் செயலாளருக்கு எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள். மிச்சமிருக்கிற புட்டிகளையெல்லாம் கொண்டுவாருங்கள். வின்னியையும் அழைக்கிறேன், அவர் வர முடியாது என்றால் ரொம்ப வற்புறுத்த வேண்டாம்.

அன்புடன்,
ஈனிட்