அப்பாவுக்கு வாங்கும் சொட்டு மருந்து

ஜூலை 9, செவ்வாய்

எங்கள் பத்துபஸ்தியில் குடியிருக்கும் ஹெலிகாப்டர் பைலட் மாதாமாதம் என் மருந்துக் கடையில் கண் பிரஷருக்கான சொட்டு மருந்து வாங்குவார். "அப்பாவுக்கு, பாய்" என்று நான் கேட்காமலே சொல்வார்.

இன்று அந்த அப்பாவே வந்தார். மெயின்லேண்டிலிருந்து மகனைப் பார்க்கத் தீவுக்கு வந்தாராம். மூட்டுவலித் தைலம் கேட்டார்.

"கண்ணு மருந்து ஒத்துக்குதுங்களா?" என்றேன்.

"கண்ணுக்கா? நான் எதுவும் போடறதில்லையே தம்பி."

ஒருவேளை அம்மாவுக்கு என்று சொல்லியிருப்பாரோ? இல்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா என்றுதான் சொன்னார். தன் கண்ணுக்கே வாங்கிக்கொண்டு, பைலட்டுகளுக்கான மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று மறைக்கிறாரா? மருந்து போட்டால் பார்வை சரியாகத்தான் இருக்குமோ என்னவோ. ஆனால் கண் பிரஷர் முதலில் பக்கப் பார்வையைத்தான் தின்னும். போன தடவை அவர் கைக்குப் பக்கவாட்டில் வைத்த மருந்துப் பையைப் பார்க்காமலே போய்விட்டார். மறதி என்று நினைத்தேன்.

என் மகள் நாளை கார் நிகோபார் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்புகிறாள், அவர் ஓட்டும் ஹெலிகாப்டரில். கப்பலில் போயேன் என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, மழையைக் காரணம் சொன்னேன்.

சிரித்தாள். "ஓட்டறவரு நம்ம கடைக்கு வர்றவருதானே அத்தா. அப்புறம் என்ன பயம்?"